கவசநாதர்

எங்கள் அடுக்ககத்தில் புதுக் கார் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. வாங்கிய மறுநாளே குடும்பத்தோடு மகாபலிபுரம் போய், வழியில் வாங்கிய மாங்காய்ப் பத்தையின் மிளகாய்ப்பொடியைப் பின்சீட்டில் கொட்டிவிட்டு வருகிறவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருக்கிறார்கள். இரண்டாவது வகை, கவசநாதர்.

அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல, நான் வைத்தது. அவர் ஒரே ஆளும் அல்ல. ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் மடிப்பாக்கத்தில் என் தலைக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார்.

அவர் வீட்டு டி.வி. ரிமோட் வாங்கிய அன்று போட்ட பாலிதீன் உறையோடு ஏழு வருஷமாக வாழ்கிறது. உறை பழுத்து எண்கள் மறைந்துவிட்டதால் சேனலை உத்தேசமாகத்தான் மாற்றுவார்கள். செய்தி கேட்க உட்கார்ந்து சீரியல் பார்த்துவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. ஃபிரிட்ஜின் தலைக்கு ஓர் உறை, கைப்பிடிக்கு ஓர் உறை. சோபாவுக்கு உறை, அந்த உறையின் மேல் ஒரு துண்டு. சோபாவின் சொந்த நிறம் என்ன என்று ஒருநாள் கேட்டேன். புருஷன் ‘மெரூன்’ என்றார், மனைவி ‘பச்சை’ என்றார். பிரித்துப் பார்க்க இருவருக்குமே மனம் வரவில்லை.

இப்படிப்பட்டவர் 2024 ஆவணியில் கார் வாங்கினார். கறுப்பு நிறம். ‘கறுப்புதான் கம்பீரம்’ என்று பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சொல்லிவிட்டான். துடைக்கப் போவது அவன் அல்லவே!

சென்னையில் புது வண்டி எடுத்தால் பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரனிடம் பூஜைக்குக் கொண்டுபோவது வழக்கம். வண்டியின் பாடிக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது. பூசாரி சந்தனமும் குங்குமமுமாக பானட்டை நெருங்கியபோது கவசநாதர் சட்டென்று குறுக்கே பாய்ந்து ஒரு டிஷ்யூ பேப்பரை விரித்தார். “இது மேல வைங்க சாமி.” பூசாரி நிமிர்ந்து பார்த்தார். “பூஜை வண்டிக்கா, பேப்பருக்கா?” கவசநாதர் பூசணிக்காயைப் பத்தடி தள்ளி உடைக்கச் சொன்னார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது, சாறு அமிலமாயிற்றே, அலாய் வீலில் தெறிக்குமே என்று என் காதில் புலம்பினார். நான்கு பழங்களையும் நோகாமல் நசுக்க அவருக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அலுவலகத்தில் ஒரு புண்ணியவான் கேட்டுவிட்டான்: “என்ன சார், பி.பி.எஃப். போட்டுட்டீங்களா?”

அன்று இரவு பதினொரு மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. “சார், மனுஷனோட தலைமுடி எவ்வளவு கனம் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“சுமார் 70 மைக்ரான். கார் மேல இருக்கற மொத்தப் பெயிண்டும் சேர்த்து 120 மைக்ரான்தான். அதுல மேல்தோல் மாதிரி இருக்கற கிளியர் கோட், நாற்பதோ ஐம்பதோ. ஒரு முடி கனம்கூட இல்ல சார்!” என்று சொல்லிக்கொண்டே தன் தலையைத் தடவினார். அங்கே ஒப்பிட்டுக் காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

பி.பி.எஃப். என்றால் பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம். பெயிண்டைக் காக்கும் இந்த ஃபிலிம், பாலியூரித்தேன் என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. கனம் 200 மைக்ரானை ஒட்டி வரும்; கடைக்காரர்கள் கணக்கில் 8 மில். வியட்நாம் போர்க்காலத்தில், ஹெலிகாப்டர் விசிறியின் விளிம்பை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டிய படலத்தின் வாரிசு இது. வியட்நாமில் பறந்தவர்களுக்குத் தேவைப்பட்டதென்றால் மடிப்பாக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டிய ரோட்டில் போகிறவருக்குத் தேவைப்படாதா என்பது கவசநாதரின் கட்சி. அதை என்னாலும் மறுக்க முடியவில்லை.

ஆக, போடலாமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்வியோடு நாலு மாதம் போயிற்று. கடை கடையாக ஏறினோம், எல்லாம் என் காரில்தான். “கடைவாசல்ல யாராவது இடிச்சிட்டா?” என்பார்.

முதல் கடையில் 65 ஆயிரம் சொன்னார்கள். “இந்த விலைக்கு நல்ல சரக்கு கொடுக்க முடியாது, ரெண்டே வருஷத்துல மஞ்சள் பூத்திடும்” என்றார் இரண்டாவது கடைக்காரர், அவர் விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மூன்றாவது கடையில் ஏ.சி., காபி, ஒன்றரை லட்சம்.

அந்த மூன்றாவது கடையில்தான் அற்புதம் நிகழ்ந்தது. கடைப் பையன் ஃபிலிம் ஒட்டிய ஒரு பானட்டைப் பித்தளை பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்தான். கவசநாதர் கண்ணை மூடிக்கொண்டார். பையன் ஒரு கெட்டில் வெந்நீரை ஊற்றினான். கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, பானட் பிறந்த மேனிக்குப் பளபளத்தது. கவசநாதரின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “வெந்நீர் ஒத்தடம் சார்! எங்க பாட்டி சொன்ன வைத்தியம்!”

“ஆழமா வெட்டுப்பட்டா ஆறாது சார், மேலாக விழற கீறல்தான்” என்றான் பையன்.

“ஷேர் ஆட்டோ இடிச்சா?”

“அதுக்கு இன்சூரன்ஸ் சார்.”

அடுத்த சிக்கல், எவ்வளவு உடம்புக்கு என்பது. பானட், முன் பம்பர், பக்கக் கண்ணாடி மட்டும் போட்டால் செலவு பாதிக்கும் கீழே. கல் தெறிப்பது பெரும்பாலும் அங்கேதான் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். கவசநாதருக்கு மனம் ஒப்பவில்லை. “காந்தாரி பார்வை பட்ட இடமெல்லாம் வஜ்ரமாச்சு. தொடை ஒண்ணு விட்டுப் போச்சு. பீமன் எங்க அடிச்சான்?” என்று கேட்டார். கந்த சஷ்டி கவசம் தினமும் சொல்கிறவர் வேறு. அதில் தேவராய சுவாமிகள் தலை முதல் கால் வரை ஓர் உறுப்பு விடாமல் பட்டியல் போட்டு முருகனிடம் ஒப்படைத்திருக்கிறார். ‘முன்பக்கம் மட்டும் காத்தால் போதும்’ என்று எந்தப் பக்தன் கேட்டான்?

செராமிக் கோட்டிங் மலிவாக முடியுமே என்று நான் வாயைக் கொடுத்தேன். “அது ரெண்டு மூணு மைக்ரான் சார். பளபளப்பு வரும், தண்ணி நிக்காம ஓடும். கல்லைத் தடுக்குமா? தலைக்கு எண்ணெய் தடவறதும் ஹெல்மெட் போடறதும் ஒண்ணா?” எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அவர் மனைவி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பால் கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். “ஒரு பேனலுக்கு டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து நாலாயிரம்னு வைங்க. இவர் சொல்ற ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு முப்பது பேனல் அடிக்கலாம். வண்டியில இருக்கறதே பதிமூணு. ரெண்டு தடவை முழுசா பெயிண்ட் அடிச்சிட்டு, மிச்சத்துல திருப்பதியும் போய்ட்டு வரலாம்.”

“கம்பெனி பெயிண்ட் 140 டிகிரி சூட்டுல வெந்தது. பட்டறையில 60 டிகிரி. அது இதுக்கு ஈடாகுமா? விக்கறப்ப கேப்பான் இல்ல?”

“எட்டு வருஷம் கழிச்சு இதை வாங்கப் போறவன் கொடுத்துவச்சவன். அவன் யாருன்னு தெரிஞ்சா பாதிப் பணத்தை இப்பவே வாங்கிடலாம்.”

நானும் சிரித்தேன். ஆனால் கவசநாதர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் பழுப்புத் தாளில் அட்டை போட்ட கதையைச் சொன்னார். அவர் வீட்டில் புத்தகம் வருஷக் கடைசியில் கீழ் வகுப்புப் பையனுக்குப் பாதி விலைக்குப் போகும். முனை மடங்காமல் இருந்தால் முக்கால் விலை. அந்தக் காசில்தான் அடுத்த வகுப்புப் புத்தகம். அப்பாவின் சைக்கிளுக்கு ஞாயிறுதோறும் தேங்காயெண்ணெய்த் துணியால் குளிப்பாட்டு நடக்கும். அது முப்பது வருஷம் ஓடியதாம். அடுத்தவன் கைக்குப் போகும்போதும் கசங்காமல் போக வேண்டும் என்று வளர்ந்த கை, சொந்தக் கார் வந்ததும் சும்மா இருக்குமா?

இதற்கிடையில் கார் என்ன செய்துகொண்டிருந்தது? நின்றுகொண்டிருந்தது. வாதாம் மரத்தின் அடியில் நிறுத்தினால் இலைக்கறை, வெளியே நிறுத்தினால் காக்கை எச்சம், கவர் போட்டு மூடினால் கவருக்குள் சூட்டுக்கு ஒண்டும் பூனை. அந்த அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசைகட்டி நின்றதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அதில் கவர் போட்டு நின்ற கறுப்பு வண்டி நம்மவருடையது. தண்ணீரிலிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதி அரைமணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு, பாலத்தில் போகிற வண்டிகள் உரசுமே என்று விடிய விடிய விழித்திருந்தார். நாலு மாதத்தில் அந்தக் கார் ஓடியது 340 கிலோமீட்டர். அதில் கணிசம் அந்தப் பாலத்துக்குப் போய்வந்த தூரம்.

துடைக்கும் உரிமையை வாட்ச்மேனுக்குக் கொடுக்கவில்லை. அவன் ஒரே வாளித் தண்ணீரில் ஆறு வண்டி துடைப்பவன். தினமும் விடிகாலை ஐந்தரைக்கு மஞ்சள் துணியோடு கவசநாதரே இறங்குவார். குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல வண்டி முழுக்கத் தூசி தட்டுவார்.

கடைசியில் முடிவெடுத்தவர் அவருடைய அம்மா. “மார்கழி பொறந்தா நல்ல காரியம் பண்ண முடியாதுடா. ஒட்டறதுன்னா கார்த்திகைக்குள்ள ஒட்டு, இல்லேன்னா விட்டுத் தொலை.”

ஒட்ட எடுத்துக்கொண்டு போனோம். வண்டியைக் கழுவி உள்ளே ஏற்றிய பையன், பானட்டின் மேல் டார்ச் அடித்தான். வெளிச்சத்தைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள், சிலந்தி வலை கட்டியதுபோல.

“யார் சார் தினமும் துடைக்கறது?”

“நான்தான். வேற ஒரு கை பட்டதில்ல” என்றார் கவசநாதர் பெருமையாக.

“அதான் சார். காஞ்ச தூசிய அப்படியே துணியால தேய்ச்சிருக்கீங்க. உப்புத்தாள் போட்ட மாதிரி ஆயிடுச்சு. பாலிஷ் போட்டுத்தான் ஒட்டணும். ஆறாயிரம் எக்ஸ்ட்ரா. கிளியர் கோட்டுல ரெண்டு மூணு மைக்ரான் போகும்.”

பணம் போகிறதே என்று அவர் வருந்தவில்லை. “மூணு மைக்ரானா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு மாதமாகத் தேடிய எதிரி, மஞ்சள் துணியும் கையுமாகத் தன் லுங்கிக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

மூன்று நாள் வேலை. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமைப் போர்த்தி, ரப்பர் பட்டையால் நீரையும் குமிழியையும் தள்ளி, விளிம்பை உள்ளே மடித்து ஒட்டினார்கள். மூன்று நாளும் டிஃபன் கேரியரோடு போய்க் காவலிருந்தார். கார் வீடு திரும்பியது. அம்மா திருஷ்டி சுற்றினார். கவசநாதரின் முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு தூக்கம் தெரிந்தது.

தை பிறந்தது. ஒரு மாலை கீழே இறங்கி வந்தார்.

“சார், நாளைக்குச் செங்கல்பட்டுல ஒரு முகூர்த்தம். உங்க வண்டி சும்மாதானே இருக்கு?”

“உங்க வண்டி என்னாச்சு? அதான் ஃபிலிம் ஒட்டியாச்சே?”

விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “ஜி.எஸ்.டி. ரோடு சார். முன்னாடி பூரா ஜல்லி லாரி போகும். கல்லு தெறிச்சா ஃபிலிம் என்னத்துக்கு ஆகும்?”

மறுநாள் என் காரில் போனோம். 2009இல் வாங்கியது, அதன் உடம்பில் கீறல் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். கவசநாதர் முன்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தாம்பரம் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி வறுத்த வேர்க்கடலை வாங்கினார். தோலை ஊதி ஊதி என் டேஷ்போர்டில் பறக்கவிட்டபடி, ஜன்னல் காற்றில் பழைய பாட்டொன்றை முணுமுணுத்தார். இவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் கார்ப் பயணம் செய்து நான் பார்த்ததில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் அருகே முன்னால் போன லாரியிலிருந்து ஒரு ஜல்லி எகிறி, ‘டங்’ என்று என் பானட்டில் விழுந்தது. நான் பிரேக்கில் கால் வைத்தேன்.

“ஒண்ணும் ஆகியிருக்காது சார், நீங்க போங்க” என்றார் கவசநாதர், அடுத்த கடலையை உரித்தபடி.