அபேஸ்

அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்காக பாரன்ஸ் புத்தகத்தின் 3,500 சொற்களையும் உருப்போடக் கிளம்பிய இன்ஜினியரிங் தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அடியேனும் அதில் ஒருவன். பட்டியலின் முதல் சொல்லே ‘அபேஸ்’. தாழ்த்து, மட்டம் தட்டு என்று பொருள் போட்டிருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் பர்ஸைப் பறிகொடுத்தவனுக்கு அபேஸுக்கா அர்த்தம் சொல்வது? இன்றும் அந்தச் சொல்லைப் பார்த்தால் கை தானாகப் பின்பாக்கெட்டைத் தடவுகிறது.

அடுத்து அபாஷ், அபேட். ‘ஏ’ வரிசையில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ‘டி’யைத் தொட்டவன் அபூர்வம். ‘ஸெட்’ வரை போனான் என் அறைத்தோழன். ‘லோக்வேஷியஸ்’ என்றால் வாயாடி, ‘டாசிட்டர்ன்’ என்றால் வாயே திறக்காத ஆசாமி என்று தூக்கத்தில்கூட ஒப்பிப்பான். விசா நேர்காணலில் ‘எதற்காக அமெரிக்கா போகிறீர்கள்?’ என்று சாதாரண இங்கிலீஷில் கேட்டார்கள். பையன் டாசிட்டர்ன் ஆகிவிட்டான்.

தனிச்சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பதுதான் அந்தத் தேர்வின் பிரசித்தி பெற்ற சித்திரவதை. 2011இல் அந்தப் பகுதியையே தூக்கிவிட்டார்கள். பரணில் அட்டைப்பெட்டி நிறைய, ரப்பர் பேண்டு போட்ட சொல் அட்டைகள். போன வாரம் பழைய பேப்பர்காரர் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கிப் போனார். சொன்ன எடையில் அரைக்கிலோ அபேஸ்.