பரீக்குட்டியின் கடன்

எங்கள் நாகர்கோவிலில் அந்தக் காலத்தில் மலையாளப் படத்தை வேற்றுமொழிப் படம் என்று யாரும் நினைத்ததில்லை. 1956 வரை திருவிதாங்கூரோடு கிடந்த ஊர், பெரியவர்களின் பேச்சில் பாதி அந்தப் பக்கத்துக் காற்று. அதனால் ‘செம்மீன்’ வந்தபோது பெரியம்மா தலைமையில் தெருப் பெண்கள் மொத்தமும் சாயங்கால ஆட்டத்துக்குக் கிளம்பியதும், முந்தானையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் போன்ற வாண்டுகள் ஒட்டிக்கொண்டதும் வெகு இயல்பாக நடந்தன. இப்படி ஒரு பெரியம்மா உங்கள் தெருவிலும் இருந்திருப்பார்.

தகழியின் நாவலை ராமு காரியாட் படமாக்கி 1965இல் வெளியிட்டார். தென்னிந்தியாவுக்கு முதன்முதலாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த படம் அது. நாவலைத் தமிழாக்கியவர் எங்கள் ஊர் சுந்தர ராமசாமி என்பதில் படித்தவர்களுக்குத் தனிப் பெருமை. எங்களுக்கோ கடலைக் கலரில் பார்ப்பதே பெரும் அதிசயமாக இருந்தது. ‘மாயாபஜா’ருக்கு மாயம் செய்த மார்கஸ் பார்ட்லி, நாட்டிகைக் கரையில் எந்த மாயமும் செய்யாமல் வெயிலையும் நுரையையும் ஈர மணலையும் அப்படியே காட்டியிருந்தார். ஷீலாவின் கறுத்தம்மா வள்ளத்தின் மறைவில் நின்று சிரித்தால் கொட்டகையே சிரிக்கும். மதுவின் பரீக்குட்டி நிலவில் பாட ஆரம்பித்தால் பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். மன்னா டேயின் அந்தக் குரலுக்காக, திருவனந்தபுரம் வானொலி எப்போது போடுமோ என்று வால்வு ரேடியோவின் முன்னால் காத்துக் கிடந்த இரவுகள் உண்டு. இன்று கேட்ட நொடியில் கைப்பேசி பாடுகிறது, ஒரே பாட்டை நாள் முழுக்கக் கேட்கலாம். இருந்தும், காத்திருந்து கிடைத்த அந்த மூன்று நிமிடத்தின் ருசி இதில் எனக்குக் கிடைப்பதில்லை.

படம் பார்த்த மறுநாளே பெரியம்மா, வாசலில் சாளைக் கூடையை இறக்கிய மீன்கார அக்காவிடம் கதை முழுவதையும் ஒப்பித்தார். கரையில் இருப்பவள் நெறி தவறினால் கடலம்மா அவள் புருஷனைக் கொண்டுபோவாள் என்ற இடம் வந்ததும் அக்கா கையிலிருந்த மீனைக் கூடையிலேயே போட்டாள். “இது என்ன நியாயம் பிள்ளே? காத்து மாறினா வள்ளம் கவுரும். அதுக்குப் பொம்பள என்ன செய்வா? எங்க ஆளுவள மாதாவும் அந்தோணியாரும் பாத்துக்கிடுவாவ” என்றாள். படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லமாட்டேன்.

தகழி அந்த நாவலை எழுதிய காலத்திலேயே கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் நார்வேக்காரர்களின் உதவியோடு இயந்திரப் படகுகள் வரத் தொடங்கியிருந்தன. வலையில் வந்தால் வந்தது என்றிருந்த செம்மீன் என்ற இறால் பிறகு ஐஸில் உறைந்து கப்பலேறி டாலராகத் திரும்பியது. விசைப்படகுகள் கடலடியையே வாரியதில் சிறு வள்ளக்காரர்கள் போராட, 1988 முதல் மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை வந்தது. கறுத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்ஞு ஒரு வள்ளமும் வலையும் வாங்க வாழ்நாள் பூராவும் ஏங்கிய அதே கரைகளில், இன்று ஃபைபர் வள்ளத்தின் பின்னால் மோட்டார் உறுமுகிறது. நடுக்கடலிலிருந்தே கைப்பேசியில் விலை கேட்டுவிட்டு எந்தக் கரையில் ஏறுவதென்று முடிவு செய்கிறார்கள். பரீக்குட்டியின் காலத்தில் இது இருந்திருந்தால் எவ்வளவு கண்ணீர் மிச்சமாகியிருக்கும்! ஆனாலும் அவனுடைய துக்கம் விலை தெரியாததால் வந்ததில்லை. கிடைக்கும் மீனைத் தனக்கே தரவேண்டும் என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி, கைமுதலை எடுத்துக் கொடுத்த மீன் வியாபாரி அவன். வள்ளம் வந்ததும் செம்பன்குஞ்ஞுவுக்கு அந்தச் சொல் மறந்துபோயிற்று. சிறுவயதில் பாட்டுக்காகப் பார்த்த படத்தில் இப்போது என் கண் இந்தக் கடனிலேயே நிற்கிறது. அப்பன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மன்றாடும் கறுத்தம்மாவின் முகத்தில்தான் ஷீலாவின் நடிப்பு முழுதாகத் தெரிகிறது.

கொச்சியில் வேலை பார்க்கும் தங்கை மகள் போன ஓணத்துக்கு வந்திருந்தபோது மடிக்கணினியில் படத்தைப் போட்டாள். முதல் பாட்டை ஓட்டிவிட்டாள். அதன் பிறகு பாட்டு வரும்போதெல்லாம் ஓட்டிவிடப் போன கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு, “மாமா, இந்தப் பரீக்குட்டி ஏன் ஒரு சீட்டுகூட எழுதி வாங்கல?” என்றாள்.

“கறுத்தம்மா வீட்டுக்குக் கொடுத்த காசுக்கு அவன் எப்படி சீட்டு கேப்பான்?” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓட்டிவிட்ட முதல் பாட்டைத் தேடிப் பின்னால் போனாள்.