படகுப் பேச்சுக்கு அபராதம்

கேள்வி: உலகின் மிகப் பழைய யாட் கிளப் எது? பணக்காரர்கள் படகு விட்டதற்கெல்லாம் ஒரு வரலாறு வேண்டுமா?

பதில்: அயர்லாந்தின் ராயல் கார்க் யாட் கிளப். 1720-இல் இன்சிக்வின் பிரபுவும் ஐந்து நண்பர்களும் கார்க் துறைமுகத்தின் ஹால்போலைன் தீவில், 'வாட்டர் கிளப்' என்று தொடங்கியது. வரலாறு கட்டாயம் வேண்டும். கிளப்பின் அந்தக் கால விதிகளைப் படித்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். உறுப்பினர்கள் 25 பேருக்கு மேல் கூடாது. விருந்து வைக்கும் அட்மிரல், அதாவது கிளப்பின் தலைவர், இரண்டு இறைச்சி வகைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு படகுப் பேச்சை எடுத்தால் அபராதம், விளிம்பு வரை நிரம்பிய ஒரு கோப்பை மது! இப்படி அபராதம் போட்டால் யார்தான் வாயை மூடுவார்கள்?

கடலில் மட்டும் கண்டிப்பு. பந்தயம் கிடையாது, கடற்படைபோல அணிவகுத்து, தலைவரின் சைகைக்குத் திரும்ப வேண்டும். 1738-இல் பீட்டர் மோனமி அந்த அணிவகுப்பை அழகாக ஓவியமாகத் தீட்டினார். பணக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே துறைமுகத்தில், கோவ் ஊரின் கரையில் 1854-இல் அவர்கள் எழுப்பிய மாளிகை இன்று பொதுமக்களுக்கான கலை மையம். கிளப் 1966-இல் ராயல் மன்ஸ்டர் யாட் கிளப்போடு இணைந்து கிராஸ்ஹேவனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்தக் கலை மையத்துக்குள் நீங்கள் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். படகைப் பற்றிப் பேசவும் தடையில்லை.