நிமிர்ந்து நிற்கிற கிலோமீட்டர்

படுத்துக் கிடக்கிற கிலோமீட்டர் எனக்கு அத்துப்படி. சேலத்தில் பஸ் ஏறினால் மல்லூரில் கண்ணை மூடி, புதன்சந்தையில் முழித்து, நாமக்கல்லில் சரியாக இறங்குவேன். அதே கிலோமீட்டர் நிமிர்ந்து நின்றால்தான் தகராறு. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ஏற்காடு எவ்வளவு உயரம் என்று மகள் கேட்டாள். முப்பது கிலோமீட்டர் ரோடு, இருபது ஹேர்பின் பெண்ட், நடுவில் எப்படியும் ஒரு வாந்தி. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, "பத்து கிலோமீட்டர் இருக்கும்" என்றேன். எவரெஸ்டே 8,849 மீட்டர்தானாம். டென்சிங் வீணாக அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

நிஜத்தில் ஏற்காடு 1,515 மீட்டர். அதுவும் கடல் மட்டத்திலிருந்து. சேலமே கிட்டத்தட்ட 280 மீட்டர் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் ஒண்ணேகால் கிலோமீட்டர். தினமும் நான் வாக்கிங் போகிற தூரம். அதாவது, போகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த தூரம்.

மானம் காக்க மேட்டூருக்குத் தாவினேன். "டேம் உயரம் எனக்குத் தெரியும், 120 அடி." அது பேப்பரில் வருகிற நீர்மட்டத்தின் உச்சமாம், அணையின் உயரம் 214 அடி. 1934-லிருந்து நிற்கிற அணை, என்னை நம்பி நிற்கவில்லை என்பது ஆறுதல். அதன் நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். அப்படியே தூக்கிக்கொண்டுவந்து சேலம் ஐந்து ரோட்டில் நட்டுக்குத்தலாக நிறுத்தினால், சேர்வராயன் மலை உச்சியையே அது குனிந்துதான் பார்க்க வேண்டும். இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "டிராஃபிக் என்னப்பா ஆகும்?" என்றாள்.

லாரி ஓட்டுகிற மாமாவிடம் அப்பீல் போனேன். "லோடு ஏத்திக்கிட்டுக் கொல்லிமலை எழுபது வளைவும் ஏறிப் பாரு மாப்ள. மீட்டர்ல ஓடுற கிலோமீட்டர் வேற, டீசல் குடிக்கிற கிலோமீட்டர் வேற." உடனே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். கட்சியில் நாங்கள் இரண்டே பேர்.

அப்புறம் ஒருநாள் நாமக்கல் கோட்டை ஏறினேன். ஒரே பாறை, உயரம் சுமார் 65 மீட்டர், மேட்டூர் அணை அளவுதான். பாதிப் படியில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூடையோடு ஒரு பாட்டி இறங்கி வந்தார்.

"இன்னும் எவ்வளவு தூரம் பாட்டி?"

"வெரசா ஏறுனா அஞ்சு நிமிசம் சாமி. நீங்க உக்காந்து உக்காந்து வாங்க."