காலி டப்பாவைக் கண்டு மயங்காத, தாயி

ஏத்தா, விடியுறதுக்குள்ள அடுப்படியில என்ன கூத்து இது? காரட்டுல ரோசாப்பூ வெட்டுற, வெள்ளரிக்காயில மீனு வெட்டுற. கல்யாணம் யாருக்குத்தா? வெட்டி முடிச்சிட்டா மாலையாக் கட்டு, எவ கழுத்துலயாச்சும் போட்டு விடுவோம். ஏழரைக்கு வேன்காரன் ஆரன் அடிக்கப் போறான், நீ குடைமொளகாய்க்குக் கண்ணு மூக்கு வச்சிக்கிட்டிருக்க. போன்ல எவளோ வச்சுக் காட்டுனாளாம். மொறைச்சுப் பாக்குற காயைத் திங்க எனக்கே மனசு வராது, ஒண்ணாப்புப் படிக்கிற பயலுக்கு எப்பிடி வரும்?

நேத்து டப்பா காலியா வந்துச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்த. சந்தோசம். தின்னது ஒன் மகன்தேன்னு எவன் சொன்னான்? பக்கத்துல ஒக்கார்ற புள்ளைக்குக் கன்னம் உப்பியிருக்கான்னு ஒருநா போய்ப் பாத்துட்டு வா. பீன்ஸைக் கொடுத்து முறுக்கு வாங்குற யாவாரம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உண்டு. பெஞ்சுக்கடியில குனிஞ்சு பாத்தா இன்னும் பல வெவரம் வெளிய வரும்.

கெழவிக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. காமராசர் 1956-ல மதியச் சோத்தைத் தொடங்கி வச்சாருல்ல, அதை வரிசையில ஒக்காந்து தின்னவ நான். 1982 சூலையில எம்ஜிஆர் சத்துணவு கொண்டாந்தப்ப அகப்பையைப் பிடிச்சவளும் நாந்தேன். 1989-ல கலைஞர் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னாரு. 2010-ல வாரத்துக்கு அஞ்சு முட்டையாச்சு. 2013-ல அம்மா ஆட்சியில மொளகு முட்டை, தக்காளி மசாலா முட்டைன்னு வகைவகையா வந்துச்சு. முட்டைக்கு எந்தப் பயலும் ஒரு நாளும் மொகத்தைச் சுளிச்சதில்ல. காயிலதேன் வம்பு.

தொடக்கப்பள்ளிப் புள்ளைக்கு 100 கிராம் அரிசி. மத்திய சர்க்கார் கணக்குல காய் 50 கிராம், ஆறாப்புலருந்து எட்டாப்பு வரைக்கும் 75. புதுசாச் சேந்த பய அந்தக் கத்திரிக்காயைத் தட்டு ஓரத்துல ஒதுக்குவான். நான் கண்டுக்கிற மாட்டேன். ‘கண்ணு, ராசா, ஒரு வாய்’னு கெஞ்சுறதுக்கு நேரம் ஏது? எதுத்தாப்புல அம்புட்டுத் தட்டு நீட்டிக்கிட்டு நிக்கிதுக. வலது பக்கத்துப் பய திங்கிறான், எடது பக்கத்துப் பய திங்கிறான். இவன் எம்புட்டு நாளைக்குத்தேன் ஒதுக்கிக்கிட்டே இருப்பான்? கொஞ்ச நாள்ல, ‘ஆயா, கொழம்புல அடியில அள்ளி ஊத்து’ம்பான்.

படிச்சவுக இதையே இப்ப ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாக. புதுக் காய் ஒண்ணு புள்ளைக்குப் பழகணும்னா எட்டு, பத்து, சமயத்துல பதினஞ்சு தடவைகூட நாக்குல படணுமாம். சின்னதுகளுக்குக் கசப்பு நம்மளைவிடத் தூக்கலாத் தெரியும், புதுசைக் கண்டா தள்ளத்தேன் செய்யும். நீ ரெண்டு தடவை வச்சிட்டு, ‘எம் புள்ளைக்குக் காய் புடிக்காது’ன்னு பட்டா எழுதிக் குடுத்துட்ட. அவன் முன்னாலயே ஊருக்கெல்லாம் சொல்ற, அவனும் அதைக் காப்பாத்துறான்.

போதாததுக்கு, பாவக்காய் தின்னா சாக்லேட்டுங்குற. கூலி கொடுத்துச் செய்யச் சொன்னா அது களையெடுப்பு மாதிரிதேன். கூலியா வர்றது மேல ஆசை வருமா, களை மேல ஆசை வருமா?

இப்பக் காலைச் சோறும் வந்திருச்சு. 2022 செப்டம்பர் 15, அண்ணா பொறந்தநாளு, ஸ்டாலின் நம்ம மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துலதேன் தொடங்கி வச்சாரு. மொதல்ல 1,545 பள்ளிக்கூடம், மறு வருசமே 31,000-க்கு மேல. தலைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, 15 கிராம் பருப்பு, காய் போட்ட சாம்பார். அங்க எவளும் ரோசாப்பூ வெட்டல.

ஒன் மகன் உசிலம்பட்டியில டை கட்டுற பள்ளிக்கூடத்துக்குப் போறான். சரி, டப்பா ஒன் தலையெழுத்து. முட்டைக்கோசை மட்டும் விட்டுரு. மத்தியானம் வரைக்கும் மூடிக் கெடந்தா, தொறந்ததும் வகுப்பே மூக்கைப் பொத்தும், அந்த வெக்கத்துலயே பய மூடி வச்சிருவான். வெண்டைக்காயைக் கழுவித் தொடைச்சுட்டு நறுக்கு. வதக்கும்போது துளி புளித்தண்ணி தெளி, வழுவழுப்பு போயிரும். சுடச்சுட மூடாத, வேர்த்துக் கொட்டி நமுத்துப் போவும். பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில போடுறியே, அதை உளுந்து, வரமொளகாயோட வதக்கித் தொவையலா அரைச்சு, சோத்துல நல்லெண்ணெய் விட்டுப் பெசைஞ்சு வையி. கேப்பை மாவுல முருங்கைக்கீரை போட்டு ரொட்டி தட்டு. கீரையை உருவுற வேலையை அவங்கிட்டயே குடு, தான் உருவுனதை எவனும் அம்புட்டு லேசுல வேணாம்னு சொல்ல மாட்டான். இடைவேளைக்குத் தட்டப்பயறோ மொச்சையோ அவிச்சு வையி, பிஸ்கோத்து மேல ஒனக்கு என்ன அம்புட்டுப் பாசம்?

ஒண்ணு சொல்றேன், எல்லாத்தையும் மாவுக்குள்ளயும் தொவையலுக்குள்ளயும் ஒளிக்காத. ஒளிச்சே பழக்குனா அவன் காலேசுக்குப் போனாலும் நீ ஒளிச்சுக்கிட்டேதேன் இருக்கணும். கண்ணுக்குத் தெரியுறாப்புல மூணே மூணு துண்டு காய் ஓரமாக் கெடக்கட்டும். திரும்பி வந்தா வரட்டும், ‘ஏன் திங்கல’ன்னு கேக்காத. நாளைக்கும் மூணு துண்டு வையி. மழைக்கப்புறம் அதலைக்காய் வரும், அதை மட்டும் கொண்டுபோய் டப்பாவுல வச்சிராத தாயி, பய வேனை விட்டு எறங்காம அப்பிடியே ஊரைத் தாண்டிப் போயிருவான். அது என்னய மாதிரி நாக்குச் செத்த கெழடுகளுக்கு.

இம்புட்டும் செஞ்சாலும், அந்தப் பயலோட அப்பன் இருக்கானே, எம் பேரன், அவனை என்ன செய்யப் போற? தாடி மீசை மொளைச்ச ஆம்பள, இன்னிக்கும் கத்திரிக்காயைத் தட்டுக்கு வெளிய எடுத்து வச்சிட்டு, ‘ஆம்லேட்டு இல்லையா’ங்குறான். ஹைதராபாத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு ஒண்ணு இருக்காம், 2024-ல பொஸ்தகம் போட்டிருக்காக, பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் கீரையும் வேணும்னு. இவன் 40 கிராம் தின்னா நான் கெடா வெட்டிப் பொங்க வைக்கிறேன். புள்ள ஒன் வாயைப் பாக்க மாட்டான்த்தா, அப்பன் தட்டைத்தேன் பாப்பான்.

நாளைக்கு ஒரே சட்டியில சீனியவரைக்காயைத் தேங்காய்ப்பூப் போட்டுப் பெரட்டு. ரெண்டு டப்பா கட்டு, சின்னவனுக்கு ஒண்ணு, பெரியவனுக்கு ஒண்ணு. மிச்சம் கொண்டாந்தான்னா பெரியவனுக்கு ராத்திரி வெஞ்சனமும் அதேதேன். ஆம்லேட்டுக் கேட்டா, வீட்டுல இருந்த முட்டையெல்லாம் அப்பத்தா அடைக்கு வச்சிருச்சுன்னு சொல்லிரு.