கரையானும் கோழிக்குஞ்சும்

கேள்வி: சூனியம், மாந்திரீகம் என்று நம்புகிறவர்களுக்குக் காரண காரியமே தெரியாதோ?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பேஷாகத் தெரியும்! 1920களில் தெற்கு சூடான் பக்கம் அஸாண்டே மக்களோடு தங்கி ஆராய்ந்தார் இவான்ஸ்-பிரிட்சர்ட் என்கிற ஆங்கிலேய மானுடவியலாளர். அங்கே தானியக் குதிர்கள் கால் நட்டு உயரத்தில் நிற்கும். வெயிலுக்கு அதனடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். என்றைக்காவது குதிர் சாய்ந்து ஆளை நசுக்கிவிடும். காலைக் கரையான் அரித்தது என்று எல்லோருக்கும் தெரியும். 'இவன் உட்கார்ந்த நேரம் பார்த்தா விழவேண்டும்?' என்பதுதான் அவர்கள் கேள்வி. நாம் 'தற்செயல்' என்போம்; மாமியார் 'கண்ணு பட்டிருச்சு' என்பார். அவர்கள், யாருடைய பொல்லாத சக்தி என்று விசாரணையில் இறங்குவார்கள்.

சாட்சி, கோழிக்குஞ்சு. பெங்கே என்ற விஷத்தைப் புகட்டிக் கேள்வி கேட்பார்கள். அது சாவதோ பிழைப்பதோதான் பதில். ஒரே குஞ்சை நம்பிவிட மாட்டார்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டு, இன்னொன்றுக்கும் புகட்டிச் சரிபார்ப்பார்கள். (நம் டி.வி. கருத்துக்கணிப்புகளில் இந்த ஒழுங்கைக் காணோம்.) இவான்ஸ்-பிரிட்சர்டும் அங்கிருந்தபோது வீட்டு விவகாரங்களை இப்படித்தான் தீர்த்துக்கொண்டார்; மற்ற முறைகளுக்கு இது குறைந்ததில்லை என்று 1937-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியும் வைத்தார். கோழிகளின் அபிப்பிராயம் பதிவாகவில்லை.