வாளண்ணை

ஸ்காபரோவில் பேஸ்மென்ற், மோர்னிங்சைட் பக்கம் ஒரு ரவுன்ஹவுஸ், பிறகு பிக்கரிங்கில் இரட்டைக் கராஜ் வைத்த தனிவீடு என்று கிழக்கே கிழக்கே நகர்ந்து வந்த எங்கள் ஆட்களுக்கு, ஐம்பது வயதை ஒட்டி ஒரு குறை தட்டுப்படும். மோர்ட்கேஜ் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டே வளர்ந்து முடித்திருப்பார்கள். வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி, குசினியில் பதித்த கல்லைத் தடவிக் காட்டி முடிந்ததும் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தை நிரப்ப ஒருவர் மிருதங்கம் பழகுவார். இன்னொருவர் பழைய மாணவர் சங்கத்தில் தலைவர் பதவிக்கு நிற்பார். தாளமும் வராது, வாக்கும் விழாது என்று தெரிந்தவர் ஜப்பானிய வாள் வாங்குவார்.

அவருக்கு வாளண்ணை என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் தேவையில்லை; வைற்ஸ் றோட்டுக்கும் புறொக் றோட்டுக்கும் நடுவில் வசிக்கும் எவரும் தன் தெருவில் ஒருவரை உடனே நினைத்துக்கொள்வார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிரும்போதே வாள் கண்ணில் படவேண்டும். அதற்காகச் சுவாமிப்படம் இரண்டடி தள்ளிப் போயிருக்கும். அப்படியும் படாவிட்டால் அண்ணை விடமாட்டார். கோட்டைக் கொழுவ இடம் காட்டும் சாக்கில் நம்மை அந்தச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். நாம் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும், அதைப் போய்ப் பார்க்கிறீரோ என்பதுபோல் கையை ஆட்டுவார்.

"உது சும்மா ஒரு வாள், தம்பி."

"நல்ல வடிவா இருக்கு அண்ணை. எங்கை வாங்கினது?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் இரவுச் சாப்பாட்டுக்கும் நின்றுதான் போகவேண்டும்.

வாளுக்கு மூன்று விலை. விருந்தாளிக்கு மூவாயிரம் டொலர். அண்ணையின் மனைவி அக்காவுக்குக் கழிவு விலையில் எண்பது. மூன்றாவது விலை கடனட்டைக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு அண்ணையின் வேலை மின்னஞ்சலுக்கு மட்டும் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூவாயிரம் என்று கூட்டிச் சொல்லும்போதும் அண்ணை குறைத்துத்தான் சொல்கிறார். ஜப்பானில் முறைப்படி செய்த வாளின் கதை வேறு. ஷிமானே மாநிலத்தில், கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1977இல் மீண்டும் மூட்டிய தத்தாரா உலையில், குளிர்காலத்தில் மட்டும், மூன்று பகலும் மூன்று இரவும் இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறிக் கொட்டி உருக்கு எடுக்கிறார்கள். தமஹகனே என்கிற அந்த உருக்கு உரிமம் பெற்ற கொல்லர்களுக்குத்தான் போகும். உரிமம் வேண்டுமென்றால் குருவிடம் குறைந்தது ஐந்து வருடம் கரி உடைக்கவேண்டும். உரிமம் எடுத்தவரும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக்கூடாது. அவர் அடித்து முடித்தபின் தீட்டுகிறவர் வேறு, உறை செய்கிறவர் வேறு, பிடி கட்டுகிறவர் வேறு. பத்தாயிரம் டொலரோடு போனாலும் புதிய வாளுக்குப் பெரும்பாலும் காணாது. வாங்கிய வாளை நாட்டைவிட்டு வெளியே எடுக்கப் பண்பாட்டு அலுவல்கள் முகமையின் கடிதமும் வேண்டும்.

அண்ணையின் வாள் வந்த பெட்டியில் கடிதம் ஒன்றும் இல்லை. சீனாவில் உள்ள லொங்சுவான் என்ற ஊரின் பெயர் இருந்தது. அதுவும் வாளுக்குப் பெயர்போன பழைய ஊர்தான். இன்று உலகத்துக்கெல்லாம் 'சாமுராய்' வாள் செய்து அனுப்புகிறது. பெட்டியை அண்ணை மறுநாளே கிழித்து நீலத் தொட்டியில் போட்டார். மகன் பார்த்துவிட்டான்.

மகன் 'டீமன் சிலேயர்' பார்த்து வளர்ந்தவன். வாளின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஜப்பானியப் பெயர் சொல்வான். தகப்பன் ஹோலில் இருந்து, "இது ஆயிரம் தரம் மடிச்சு மடிச்சு அடிச்ச இரும்பு" என்று தொடங்கினால், சாத்திய கதவுக்குள்ளிருந்து, "பத்துப் பதினைஞ்சு தரம்தான் அப்பா" என்று குரல் வரும். பையன் சொல்வது சரி. பதினைந்து மடிப்பிலேயே கணக்குப்படி 32,768 படை வந்துவிடும். ஆயிரம் தரம் மடித்தால் இரும்பில் இருக்கவேண்டிய கரி எரிந்துபோய், வாள் வாளாக இருக்காது. வளைவைச் சுத்தியலால் தட்டி எடுப்பதாக அண்ணை அபிநயம் பிடிப்பார். உண்மையில் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெல்லிதாகவும் பூசி, சூடாக்கித் தண்ணீரில் தோய்ப்பார்கள். வாய் சடுதியாகவும் முதுகு ஆறுதலாகவும் ஆற, அந்த இழுபறியில் வாள் தானாக வளைகிறது. இதையும் மகன்தான் சொன்னான். மூவாயிரம் டொலர்க் கதையைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

மகன் இப்படி முன்கதவை அடைத்தால் அண்ணைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. வாள் சீனாவாக இருக்கட்டும், வித்தை யாருடையது? சமனலவெவவில் பருவக்காற்றை உள்ளே விட்டு உருக்கு எடுத்த பழைய உலைகளைக் கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் தோண்டிப் பார்த்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினாரே, தெரியாதா? தென்னிந்திய உருக்கு அரபு நாடுகள்வரை போனதே! எல்லாம் உண்மை. அங்கிருந்து ஷிமானேக்குப் போகிற பாலம் மட்டும் அண்ணை தன் கையால் கட்டியது. சமனலவெவ பலாங்கொடைப் பக்கம், எங்கள் ஊர்ப் பக்கம் இல்லையே என்று கேட்டால் சுசுமு ஓனோவுக்குத் தாவிவிடுவார். "ஜப்பான் பாஷையே எங்கடை பாஷையிலை இருந்து வந்ததெண்டு அவங்கடை பேராசிரியரே சொல்லிப்போட்டார். பாஷை போன இடத்துக்கு வாள் போகாதே?" ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று எழுதியதும், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்ததும் நடந்தவை. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்கிற செய்தி மட்டும் பிக்கரிங்குக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் அண்ணையின் அப்பு இதைக் கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பார். அப்பு மலாயா ரயில்வேயில் கிளாக்கர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு, சந்தியில் காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து மரியாதை செய்ய மறந்து கன்னத்தில் வாங்கினவர். ஊருக்குத் திரும்பி, பென்சனில் கல்வீடு கட்டி, சாகும்வரை ஜப்பான் சாமான் ஒன்றையும் படலைக்குள் எடுக்காதவர். பேரன் அந்த அறையைப் பற்றியும் உருக்கமாகச் சொல்லி, அதே மூச்சில் வாளையும் காட்டுகிறார். அந்தக் காலத்து ஜப்பான் அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்டவற்றில் பெரும்பகுதி தொழிற்சாலையில் அடித்தவை. அவற்றை இன்று ஜப்பானில் கலைவாள் என்று பதிய முடியாது. அப்புவை வெருட்டிய வாளும் அசல் இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணி அளவில், பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று ஒன்ராறியோ முழுக்கக் கைப்பேசிகள் அலறின. பிழையாகப் போன அறிவிப்பு. அதைப் பிழை என்று திருத்திச் சொல்ல ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த இடைவெளியில் அக்கா பாஸ்போட்டுகள், தாலிக்கொடி, நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்குக் கொடுத்துவைத்த அயடின் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முடித்துவிட்டார். கராஜுக்குப் போனால் அண்ணை வாளோடு காருக்குள் ஏறி இருக்கிறார்.

"இஞ்சாருங்கோ, உதேன்? கதிர்வீச்சை வெட்டவோ?"

"பெறுமதியான சாமானை விட்டிட்டே வாறது?"

"எண்பது டொலர்ச் சாமானையே?"

அண்ணை பதில் சொல்லாமல் கராஜ் கதவைத் திறக்கும் பொத்தானை அமத்தினார்.

வாளால் பயன் என்ன என்று யாராவது நேரே கேட்டால், அண்ணையிடம் 2024க்குப் பிறகு ஒரே பதில்தான்: கார்க் கள்ளர். ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் விடியும்போது கார் நின்ற இடம் வெறுமையாக இருந்த காலம் அது. அந்த வருடத் தொடக்கத்தில் எற்றோபிக்கோவில் நடந்த ஒரு கூட்டத்தில், கார்ச்சாவியை முன்கதவடியிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே வந்து உங்களை அடிக்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ரொறன்ரோப் பொலிஸ்காரர் ஒருவர் புத்தி சொன்னார். நாடே சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. "ஜப்பான் காரை ஜப்பான் வாளாலை காப்பன்" என்றார். அவருடைய லெக்ஸஸ் ஒன்ராறியோவிலுள்ள கேம்பிரிட்ஜில் பூட்டியது, வாள் லொங்சுவானில் செய்தது, இதில் ஜப்பான் எங்கே வருகிறது என்று மகன் கேட்டான்.

காப்பதாகவே வைத்துக்கொள்வோம். வாள் கீழே ஹோலில். அண்ணை மேலே படுக்கையில், மூக்கில் உறக்கச் சுவாச இயந்திரம். கள்ளன் வந்தால் குழாயைக் கழற்றி, கண்ணாடியைத் தேடிப் போட்டு, கள்ளனைத் தாண்டிப் போய்த்தான் வாளை எடுக்கவேண்டும். எடுத்தாலும், பிடியோடு ஒரு மீற்றர் நீளச் சாமானைப் படிக்கட்டு முகப்பில் ஓங்கினால் முதலில் விழப்போவது அக்கா ஆசையாக வாங்கிய தொங்குவிளக்கு.

சட்டமும் கொஞ்சம் சொல்லவேண்டும். கனடாவில் இந்த வாளை வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் ஆபத்து விளைக்கும் நோக்கத்தோடு ஆயுதம் வைத்திருந்தால் குற்றவியல் சட்டத்தின் 88ஆம் பிரிவு இருக்கிறது. பத்து வருடம்வரை உள்ளே தள்ளலாம். கலைப்பொருள் என்று சுவரில் இருக்கும்வரை தொல்லையில்லை. "வாறவனை ரெண்டாப் பிளப்பன்" என்று விருந்தாளிகளுக்குச் சொல்லும் வசனத்தை அண்ணை பொலிஸுக்கும் சொல்லாமலிருப்பது நல்லது.

ஊரிலிருந்து மாமி எடுத்த தொலைபேசிதான் இந்த விஷயத்தில் கடைசித் தீர்ப்பு. அங்கே பேப்பரைத் திறந்தால் வாள்வெட்டு, வாளோடு பிடிபட்ட பொடியள் என்று செய்தி. வட்ஸ்அப்பில் மருமகன் வாளோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு மாமி கேட்டார்: "தம்பி, இஞ்சை உதோடை நிண்டால் பொலிஸ் கொண்டுபோகுது. நீங்கள் காசு குடுத்து வாங்கி, படமும் எடுத்து அனுப்புறியள். அங்கை உங்களுக்கு என்ன குறை ராசா?"

வெட்டுவதற்காவது உதவுமா? பிலாப்பழத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பழம் பிளந்தது, பால் வாளிலிருந்து பிடிக்குப் போய், பிடியிலிருந்து கைக்கு வந்து, மூன்றும் ஒன்றாயின. மகளின் பிறந்தநாளுக்கு வாளால் கேக் வெட்டலாம் என்றார். 2021இல் அப்படி வெட்டிவிட்டு விஜய் சேதுபதியே வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்ததை மகள் ஞாபகப்படுத்தினாள். உறைந்த ஆட்டிறைச்சி என்ற பேச்சை நானே தடுத்தேன். கடினப்படுத்திய விளிம்பு எலும்பில் பட்டால் பல்லுப் பல்லாகத் தெறிக்கும். கிங்ஸ்ரன் றோட்டில் எந்த இறைச்சிக்கடையிலும் அதைக் காசில்லாமல் வெட்டித் தருகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அக்கா அந்த வாளை வெளியே எறியவில்லை என்றால் அதற்குக் காரணம் பராமரிப்பு. வாளைப் பராமரிக்க ஒரு முறை இருக்கிறது. பழைய எண்ணெயை மெல்லிய கடதாசியால் துடைத்து, சாணைக்கல் பொடி தட்டி, திரும்பத் துடைத்து, கராம்பு வாசம் போட்ட எண்ணெயை மெல்லிதாகப் பூசவேண்டும். முதல் நாள் அந்த வாசத்துக்கு, யாருக்குப் பல்லுக்கொதி என்று கேட்டுக்கொண்டு மாடியிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். பிடிக்குள் திருக்கைத் தோல் சுற்றியிருக்கிறது என்று அறிந்தபோது அண்ணைக்கே கொஞ்சம் முகம் மாறியது. பள்ளிக்கூடத்தில் திருக்கை வாலால் வாங்கின தலைமுறை அல்லவா. குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றைக் காயவைக்க மர உறை சுருங்கும், கோடையில் ஈரம் ஏறும், விரல் பட்ட இடத்தில் துருப் பிடிக்கும். ஆக அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும்.

முக்கியமான விதி ஒன்று: உருவிய வாளுக்கு முன்னால் வாய் திறக்கக்கூடாது. எச்சில் தெறித்தால் இரும்பு கறுக்கும். அந்த நாளில் வாள் பார்ப்பவர்கள் மூச்சுக்கூடப் படாமலிருக்க வாயில் கடதாசி கவ்விக்கொள்வார்களாம். ஜப்பானியர் அவையடக்கத்துக்காக வகுத்த இந்த விதியின் முழுப் பலன் பிக்கரிங்கில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணை வாளை உருவிக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணித்தியாலம் அரசியல் இல்லை, ஊர்ச்சங்கம் இல்லை, வட்டிவீதம் இல்லை. அக்கா நாடகம் பார்த்து முடித்துவிடுகிறார். அண்மைக்காலமாக, "வாளுக்கு எண்ணெய் போட்டு நாளாச்செல்லோ" என்று அவரே ஞாபகப்படுத்துவதாகக் கேள்வி.

எனக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம்: வேண்டாம். நல்ல வாளைப் பார்க்க ஆசையென்றால் கோ ரயிலேறி யூனியனில் இறங்கி, சுரங்க ரயிலில் ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஜப்பான் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, எண்ணெய் பூசுவதற்கு அவர்களிடம் ஆள் உண்டு. பழகவேண்டுமென்றால் டொன் மில்ஸ் பக்கம் ஜப்பானிய-கனடியப் பண்பாட்டு நிலையத்தில் இயாய்டோ என்கிற வாள்வித்தை வகுப்பு நடக்கிறது. முதலில் கூரில்லாத வாள்தான் தருவார்கள், கோபிக்கக்கூடாது. மலிவு விலையில் துருப்பிடிக்காத இரும்பில் வருகிறதை வாங்கிவிட்டீர்களென்றால் தயவுசெய்து சுழற்றிக் காட்டாதீர்கள். பிடிக்குள் இருக்கும் அடித்தண்டு பென்சில் தடிப்புக்கூட வராது. முறிந்து பறந்தால் பார்த்துக்கொண்டிருப்பவர் மேலேதான் விழும்.

வாளண்ணை வீட்டுக்குப் போனால் தாராளமாக வாளைப் பாருங்கள், கதையைக் கேளுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விலையை மட்டும் அக்கா நிற்கும்போது கேட்காதீர்கள்.